வீட்டு இருப்பைத் தீர்த்தால் மளிகைச் செலவு உண்மையில் எவ்வளவு குறையும்?

கை இறுகும் மாதத்தில் பல வீடுகளில் எடுக்கிற முடிவு ஒன்றுதான்: கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டில் இருப்பதை வைத்தே இரண்டு வாரம் ஓட்டிவிடுவது. அந்த இரண்டு வாரமும் செலவு சட்டென்று இறங்கும். மனசுக்கும் தெம்பாக இருக்கும். ஆனால் அடுத்த மாதக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பழைய தொகையே வந்து நிற்கும். காலியான டப்பாக்களை எல்லாம் ஒரே நடையில் நிரப்பியிருப்போம். காசு கொடுக்கும் தேதி இரண்டு வாரம் தள்ளிப்போனதைத் தவிர வேறொன்றும் மாறியிருக்காது.

இதைப் பார்த்துவிட்டு, வீட்டு இருப்பைத் தீர்ப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி விட வேண்டியதில்லை. இதில் மிச்சம் நிச்சயமாக இருக்கிறது. அது எந்த வழியாக வருகிறது என்பதுதான் பலருக்கும் பிடிபடுவதில்லை. அலமாரியில் இருக்கும் பொருளுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. எடுத்துச் சமைத்தாலும் அந்தக் காசு திரும்பி வராது. இந்த வாரம் வாங்க வேண்டிய வேறொன்றை அது வாங்கவிடாமல் செய்தால் பணம் மிஞ்சும். குப்பைக்குப் போகவிருந்ததைத் தட்டுக்குக் கொண்டுவந்தாலும் மிஞ்சும். அதன் பிறகு, காலியான இடத்தைப் பழைய அளவுக்கே நிரப்பாமல் இருந்தால்தான் மிஞ்சியது கையில் நிற்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு வீட்டின் வார உணவுச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அலமாரி, ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் மூன்றிலுமாகச் சேர்த்து எப்போதும் ஐந்து வாரத்துக்கான பொருள் கிடக்கிறது. அதாவது 500 பங்கு. அதை மூன்று வாரத்துக்கானதாக இறக்கி, அதே அளவில் நிறுத்திக்கொண்டால் 200 பங்கு மிஞ்சும். நல்ல தொகைதான், ஆனால் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். இனி இன்னொரு பக்கம். வாங்குவதில் 10 விழுக்காடு கெட்டுப்போய் வீணாகிறது என்றால், வீட்டார் சாப்பிடுவது 90 பங்கு. வீணாவது 5 விழுக்காடாகக் குறைந்தால், அதே 90 பங்கைச் சாப்பிட 94.7 பங்கு வாங்கினால் போதும். வாரத்துக்கு மிஞ்சுவது 5.3 பங்கு. கேட்க அற்பமாகத் தெரியும். 52 வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 274 பங்கு. இரண்டே முக்கால் வாரச் செலவு, ஒவ்வோர் ஆண்டும்.

ஆக, 'இந்த மாதம் எதுவும் வாங்க மாட்டேன்' என்ற வைராக்கியம் ஒரு முறை பணம் தரும். வீணாவதைக் குறைக்கும் பழக்கம் ஆண்டுதோறும் தரும். முதலாவதைச் செய்வதற்கான நல்ல காரணமே, அது இரண்டாவதை எளிதாக்குகிறது என்பதுதான்.

எப்படி எளிதாக்குகிறது என்பதற்கு ஓர் அழகான கணித விதி இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிறுவிய விதி அது. ஓர் இடத்தில் சராசரியாக எவ்வளவு சரக்கு இருக்கிறதோ, அதை ஒரு வாரத்தில் வெளியேறும் அளவால் வகுத்தால், ஒவ்வொரு பொருளும் அங்கே சராசரியாக எத்தனை வாரம் தங்குகிறது என்று கிடைத்துவிடும். தொழிற்சாலைக் கிடங்குக்கும் வங்கி வரிசைக்கும் பொருந்துகிற இந்த விதி, சமையலறை அலமாரிக்கும் அப்படியே பொருந்தும். தானியமும் பருப்புமாக வீட்டில் 12 கிலோ இருக்கிறது, வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ செலவாகிறது என்றால், சராசரியாக எட்டு வாரம் அது டப்பாவில் கிடக்கிறது. இருப்பை 6 கிலோவாக்கினால் நான்கு வாரம். யாரும் எதையும் கூடுதலாகச் சாப்பிட வேண்டியதில்லை, இருப்பு பாதியானாலே பொருளின் வயதும் பாதியாகிவிடும். புதிய பொருள் கெடுவது குறைவு. சிக்கு வாடையும் வண்டும் ஈரமும் சேர்வதற்கு நேரம் இல்லை.

வண்டு விஷயத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அரிசி வண்டின் பெண், தானியமணியில் துளை போட்டு, உள்ளே முட்டை இட்டு, துளையை அடைத்துவிடும். புழுப் பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் மணிக்குள்ளேயே கழிகின்றன. வெப்பமான இடத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழு வண்டாக அது வெளியே வருகிறது. கடையிலிருந்து சுத்தமாக வந்த அரிசியில் 'திடீரென்று' வண்டு வருவதன் ரகசியம் இதுதான். முட்டை அரிசியோடேயே வந்திருக்கும். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிற அரிசியில் அவை பெருகிக் குடும்பம் நடத்த வழியில்லை. கொஞ்சமாக வாங்கும் பொருளை, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும்.

வீட்டில் வீணாவது சின்ன அளவல்ல என்பதற்கு உலகக் கணக்கே சாட்சி. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு வீணாக்கக் குறியீட்டு அறிக்கையின்படி, 2022-இல் கடைகள், உணவகங்கள், வீடுகள் மூன்றிலுமாக வீணானது 105 கோடி டன். இதில் 63.1 கோடி டன், அதாவது 60 விழுக்காடு, வீடுகளிலிருந்து போனது. ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு வாரத்துக்கு 6 கிலோ. தோல், எலும்பு, கொட்டை போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த அறிக்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு செய்தி: வீட்டில் வீணாகும் அளவில், பணக்கார நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையிலான வேறுபாடு ஆளுக்கு ஆண்டுக்கு 7 கிலோதான். வசதி உள்ளவர்களின் அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று 1857-இலேயே புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் கண்டு சொன்னார். அப்படியிருக்க, அதே அளவு உணவு வீணாகும்போது அடி அதிகம் விழுவது வருமானம் குறைந்த வீட்டில்தான்.

இருப்பு ஏன் சேர்ந்துகொண்டே போகிறது? பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985-இல் எழுதிய கட்டுரையில் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். ஒரு பொருளை வாங்கும்போது, அந்தப் பொருளால் கிடைக்கும் பயன் ஒன்று; மலிவாகக் கிடைத்துவிட்டது என்பதால் கிடைக்கும் மகிழ்ச்சி இன்னொன்று. இந்த இரண்டாவது மகிழ்ச்சி கடையிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சாப்பிடுகிறோமா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வாங்கிய இரண்டாவது பாட்டில் ஓராண்டு கழித்தும் முத்திரை உடையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மொத்தமாக வாங்கினால் லாபம் என்ற நம்பிக்கையையும் கணக்கோடு பார்க்க வேண்டும். பெரிய பையில் கிலோவுக்கு 20 விழுக்காடு விலை குறைவு என்றால், அந்தப் பையில் 20 விழுக்காடு வீணானதுமே லாபம் பூஜ்யம். அதற்கு மேல் வீணாவதெல்லாம் நஷ்டம். நாள்தோறும் செலவாகும் தானியத்துக்கும் உப்புக்கும் சர்க்கரைக்கும் பெரிய பை சரிதான். எண்ணெய்ச் சத்துள்ள கொட்டைகள், முழுக் கோதுமை மாவு, எப்போதாவது தொடும் மசாலாப் பொடி இவற்றுக்குச் சின்னப் பாக்கெட்டே கடைசியில் மலிவு என்பது என் உறுதியான கருத்து. முழுக் கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெயும் சேர்ந்திருப்பதால், வெள்ளை மாவைவிட அது சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். தீட்டாத அரிசியும் அப்படித்தான். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசி ஈரமும் பூச்சியும் இல்லாத இடத்தில் பல ஆண்டுகள் தாங்கும்.

இன்னொரு காரணம், சமையல் குறிப்பைப் பார்த்துக் கடைக்குப் போகும் வழக்கம். ஒரு பதார்த்தத்துக்காக ஒரு ஸ்பூன் அளவே தேவைப்பட்ட சாஸை ஒரு பாட்டிலாக வாங்குகிறோம். அந்தப் பதார்த்தம் மறுபடி அந்த வீட்டில் ஆவதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கும் பாட்டில்களை ஒரு நாள் வெளியே எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும், அவற்றில் பெரும்பாலானவை இப்படி ஒரு நாள் ஆசைக்கு வாங்கியவையாக இருக்கும்.

இருப்பைத் தீர்க்கத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் ஆலோசனை, வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பட்டியல் போடுவது. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிய பட்டியல், யாரும் திருத்தாததால், சில நாட்களிலேயே பொய்யாகிவிடும். அதைவிடப் பயன் தருவது, பிரித்து வைத்த பாக்கெட்டுகளையும் தேதி நெருங்குகிறவற்றையும் மட்டும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது. கண் மட்டத்தில் ஒரு தட்டு, அல்லது ஒரு கூடை. ஃப்ரிட்ஜிலும் அப்படியே ஒரு டப்பா. சமைக்கப் போகிறவர் முதலில் அங்கே பார்க்க வேண்டும் என்பது ஒன்றே விதி. புதிதாக வாங்கியது பின்னால் போகும், பழையது முன்னால் வரும். ஃப்ரிட்ஜின் அடியில் இருக்கும் காய்கறிப் பெட்டி இந்த விதிக்கு எதிரி. கீரையும் கொத்தமல்லியும் கண்ணுக்குப் படாமலேயே அழுகுவது அங்கேதான்.

கூடையில் இருப்பதைப் பார்த்ததும் 'இதை வைத்து என்ன செய்வது?' என்ற கேள்வி வரும். இங்கேதான் இருப்புச் சமையல் பலருக்கு முட்டிக்கொள்கிறது. குறிப்பில் பத்துப் பொருள் கேட்டிருக்கும். வீட்டில் ஏழு இருக்கும். மூன்றை வாங்கக் கடைக்குப் போவோம். திரும்பி வரும்போது பையில் பன்னிரண்டு இருக்கும். பழைய அரைப் பாக்கெட் பருப்பைத் தீர்க்கப் போய், அதைவிடப் பல மடங்கு விலைக்குப் புதுப்பொருள் வாங்கியது சேமிப்பாகாது. ஒரு பொருளைத் தீர்க்க வாங்கும் துணைப்பொருளின் விலை, தீர்க்கும் பொருளின் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரம்பை வைத்துக்கொண்டாலே பாதிப் பொறியிலிருந்து தப்பிவிடலாம்.

மீதிப் பாதிக்கு, பொருளின் பெயரை விட்டுவிட்டு அது செய்கிற வேலையைப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு குறிப்பில் தக்காளி கேட்டால், அது அங்கே புளிப்புக்காகவா, நிறத்துக்காகவா, குழம்பைக் கெட்டியாக்கவா என்று கேட்டுக்கொள்ளலாம். புளிப்புக்கு என்றால் எலுமிச்சை, புளி, வினிகர், புளித்த தயிர் எது வீட்டில் இருக்கிறதோ அது போதும். கெட்டியாக்க என்றால் வேகவைத்து மசித்த பருப்பு, உருளைக்கிழங்கு, ஊறவைத்து அரைத்த கொட்டை, காய்ந்த ரொட்டித் தூள் இதில் ஏதோ ஒன்று. மொறுமொறுப்புக்கு விதை இருக்கிறது, கொட்டை இருக்கிறது, எண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டு இருக்கிறது. ஒரு தானியம், ஒரு பருப்பு அல்லது முட்டை, ஒரு காய், ஒரு புளிப்பு, கொஞ்சம் எண்ணெய், ஒரு மணம். இந்த ஆறும் சேர்ந்தால் சாப்பாடு ஆகிவிடும். பெயர் இல்லாத பதார்த்தமாக இருந்தாலும் பாதகமில்லை. இப்படி யோசிப்பது முதலில் சிரமமாக இருக்கும். சமையலறைப் பொறுப்பு ஒருவர் தலையிலேயே இருக்கும் வீட்டில், 'இருப்பதை வைத்துச் சமை' என்று சொல்வது அவருக்குக் கூடுதல் மூளை வேலை. எதைத் தீர்ப்பது என்பதைப் பிறரும் சேர்ந்து முடிவு செய்யாவிட்டால் இந்தத் திட்டம் இரண்டாம் வாரத்தைத் தாண்டாது.

அலமாரிக் கோடியில் கிடக்கும் பழைய கொண்டைக்கடலைப் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். இரவு முழுக்க ஊறவைத்து, அடுப்பில் ஒன்றரை மணி நேரம் கொதித்தும், பல்லில் கடித்தால் நடுவில் கரகரவென்று நிற்கும். கடலை தரமில்லை என்று கொட்டிவிடுகிறோம். நடந்தது வேறு. பயறு, கடலை வகைகளின் செல்களைப் பெக்டின் என்னும் பொருள் ஒட்டவைத்திருக்கிறது. புதிய கடலையில் வெந்நீர் பட்டதும் பெக்டின் கரைந்து, செல்கள் விலகி, கடலை மசியும். வெக்கையும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடக்கும்போது, கடலைக்குள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் மெல்லச் சிதைகிறது. விடுபட்ட கால்சியம் போய்ப் பெக்டினோடு பிணைந்துகொள்கிறது. அந்தப் பிணைப்பு வெந்நீரில் கரையாது. இவ்வளவுதான் விஷயம், கடலை கெடவில்லை.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். ஊறவைக்கும் நீரில் உப்புப் போட்டால் சோடியம் கொஞ்சம் கால்சியத்தை வெளியேற்றும். ஒரு சிட்டிகை சமையல் சோடா இன்னும் வேகமாக வேலை செய்யும், ஏனென்றால் காரத்தன்மை உள்ள நீரில் பெக்டின் எளிதில் உடையும். சோடா கூடினால் சோப்பு போன்ற சுவை வரும், தயமின் என்னும் பி1 வைட்டமினும் அழியும் என்பதால் சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் கடலை வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு பெக்டினை இறுக்கிவிடும். உப்புநீர், கடின நீர் வரும் வீட்டில் குடிநீரில் வேகவைப்பது நல்லது, கால்சியத்தை மேலும் சேர்க்காமல் இருக்க. பிரஷர் குக்கரில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவதால் அதுவும் கைகொடுக்கும். இத்தனைக்குப் பிறகும் கரகரப்பு இருந்தால் அரைத்துவிடலாம். அரைத்த கடலை, சூப்பிலும் குழம்பிலும் கெட்டித்தன்மைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவாகும்.

சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அதில் லெக்டின் வகை நச்சு ஒன்று அதிகம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். கொதிநிலைக்கு வராமல் இளஞ்சூட்டில் மெல்ல வேகவைக்கும் பாத்திரத்தில் நேராகப் போடக் கூடாது. சரியாக வேகாத நான்கைந்து மணியே வாந்தி, வயிற்றுப்போக்கை வரவழைத்துவிடும்.

தேதிக்கு வருவோம். உணவு வீணாவதற்கு ஒரு காரணம், பாக்கெட்டில் அச்சிட்ட தேதியைத் தவறாகப் புரிந்துகொள்வது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் பாக்கெட்டில் அச்சிட வேண்டிய விவரங்கள் பற்றிய தன் விதிகளை 2018-இல் திருத்தியபோது இரண்டு வகைத் தேதிகளைத் தெளிவாகப் பிரித்தது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது சுவை, மணம், மொறுமொறுப்பு பற்றிய வாக்குறுதி. திறக்காமல், சொன்னபடி வைத்திருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகும் உண்ணத்தக்கதாக இருக்கலாம். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்புப் பற்றியது. அதைத் தாண்டினால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்கும் பேச்சே இல்லை. முதல் வகைத் தேதி முடிந்த பிஸ்கட்டையும் பாஸ்தாவையும் தூக்கி எறிவது காசைத் தூக்கி எறிவதுதான். இரண்டாம் வகைத் தேதி முடிந்த இறைச்சியைச் சேமிப்பு என்று சமைப்பது ஆபத்து.

தேதியே பெரிதாகத் தேவைப்படாதவையும் உண்டு. உப்பும் சர்க்கரையும் தேனும் கெடுவதில்லை. தேன் உறைந்தால் இளஞ்சூட்டு நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். மசாலாப் பொடி பழையதானால் மணம்தான் குறையும். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் சரி. பேக்கிங் பவுடரை அரை ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம், நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது. ஈஸ்டை இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சர்க்கரையோடு கரைத்துவைத்தால் பத்து நிமிடத்தில் நுரை கட்ட வேண்டும்.

எதைத் தயங்காமல் எறிய வேண்டும் என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கினோமே என்ற எண்ணம் இங்கே நம்மை ஏமாற்றும். கெட்ட பொருளைச் சாப்பிட்டாலும் எறிந்தாலும் கொடுத்த காசு போனது போனதுதான். சாப்பிட்டால் மருத்துவச் செலவும் சேரும். வீங்கிய டின், அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பும் மூடி, திறக்கும்போது பீச்சும் டின் எல்லாமே நேராகக் குப்பைக்கு. பாட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நச்சு, நாவில் வைத்துச் சுவை பார்க்கும் அளவிலேயே ஆளைக் கொல்லக்கூடியது. நிலக்கடலையிலும் சோளத்திலும் பூசணம் பூத்திருந்தால் நல்லதைப் பொறுக்கி எடுக்கும் வேலை வேண்டாம். அஃப்ளாடாக்ஸின் என்னும் பூசண நச்சு, வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் அது கண்டறியப்பட்டது. தீவனத்தில் இருந்த பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் காரணம். ரொட்டி, ஜாம், மென்மையான பழம் இவற்றில் ஒரு மூலையில் பூசணம் தெரிந்தாலும் முழுதையும் எறிய வேண்டும், வேர் உள்ளே பரவியிருக்கும். கெட்டியான பாலாடைக்கட்டியில் மட்டும் பூசணத்தைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கின் கசப்புப் பொருளும் வேகவைத்தால் போகாது.

சமைத்து மிஞ்சியதில் மிகுந்த கவனம் கேட்பது சோறு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு அறைச் சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். அந்த நச்சில் ஒரு வகை, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. 'நன்றாகச் சூடு பண்ணிவிட்டேன்' என்பது அங்கே பாதுகாப்பு இல்லை. சோற்றைப் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே உள்ள ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மற்றச் சமைத்த உணவுகள் ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போது உள்ளே 74 டிகிரி வரை ஏற வேண்டும், ஆவி பறக்க.

ஃப்ரீசரைப் பற்றி ஒரு தவறான நிம்மதி பலருக்கு இருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளர்வது நிற்கும், சாகாது. உருகத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். காற்றுப் பட வைத்த பொருளிலிருந்து பனி நேராக ஆவியாகிப் போய், மேற்பரப்பு சருகாக உலர்ந்துவிடும். ஆபத்தில்லை, சுவைதான் போகும். பெயரும் தேதியும் எழுதாமல் உள்ளே போன டப்பா, பெரும்பாலும் யாரும் தொடாமலேயே ஒரு நாள் குப்பைக்குப் போகிறது. ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, தட்டையாக உறையவைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். உருகவைக்கும் இடம் ஃப்ரிட்ஜ்தான். மேடை மேல் நாள் முழுக்க வைக்கக் கூடாது.

இருப்பு இறங்கிய பிறகு வருவதுதான் இந்த முயற்சியைத் தீர்மானிக்கும் கட்டம்: மறுபடி நிரப்புவது. காலி டப்பாக்களைப் பார்த்தால் வீட்டில் ஒன்றுமில்லை என்ற பதற்றம் வரும், அது இயல்பு. 2020-இல் கடைத் தட்டுகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அதனால் பூஜ்யம் வரை இறக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கவில்லை. உடம்பு சரியில்லாத நாள், மழை வெள்ளம், வேலை போன மாதம் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு கையிருப்பு வேண்டும். எதிர்பாராத நெருக்கடிக்காக ஒவ்வொரு வீட்டிலும் 72 மணி நேரத்துக்கான பொருள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியமே 2025 மார்ச்சில் தன் குடிமக்களுக்கு அறிவுறுத்தியது. மூன்று நாள் போதுமா, இரண்டு வாரம் வேண்டுமா என்பது வருமானத்தின் நிலையையும் கடை இருக்கும் தூரத்தையும் பொறுத்தது. அந்தக் கையிருப்பில் இருப்பவை அன்றாடம் சாப்பிடுகிறவையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் பொது. நெருக்கடிக்கு என்று வாங்கி ஒதுக்கிவைத்த, வேறு நாளில் யாரும் தொடாத டின், தேதி முடிந்துதான் கவனத்துக்கு வரும்.

நிரப்பும்போது டப்பாவின் கொள்ளளவைப் பார்க்காமல், அது எத்தனை நாளில் காலியானது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். இருப்பைத் தீர்த்த வாரங்கள் தருகிற விலைமதிப்புள்ள தகவல் இதுதான். ஒரு கிலோ பருப்பு 20 நாளில் தீர்ந்தது என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. மூன்று கிலோப் பை தேவையில்லை. இரண்டு வகை அரிசி, ஐந்து வகைப் பருப்பு, மூன்று வகை மாவு வைத்திருக்கும் வீட்டில், எவை உண்மையில் தீர்ந்தன, எவை வேறு வழியில்லாமல் கடைசியில் தீர்ந்தன என்று இப்போது தெரிந்திருக்கும். வகையைக் குறைத்தால் ஒவ்வொன்றும் வேகமாகத் தீரும், வேகமாகத் தீர்வது கெடாது. குறைந்த இருப்பில் மிஞ்சிய அந்த ஒரு முறைப் பணத்தைத் தனியாக எடுத்துவைக்காவிட்டால், அடுத்த வாரக் கூடையில் அது தன்னால் கரைந்துவிடும்.

எத்தனை முயன்றாலும் அந்த வீட்டில் யாரும் சாப்பிடாத சில பொருள்கள் மிஞ்சும். பரிசாக வந்தவை, ஆசைக்கு வாங்கியவை, பிள்ளைகளின் ருசி மாறியதால் நின்றுபோனவை. அவற்றைத் தீர்க்க வேண்டும் என்பதற்காக வீட்டாரை வற்புறுத்திச் சாப்பிட வைப்பதில் பொருளில்லை. தட்டில் மிஞ்சி அதுவும் குப்பைக்குத்தான் போகும். முத்திரை உடையாமல், தேதிக்கு இன்னும் சில வாரங்களாவது இருக்கும்போதே, உணவு வங்கிக்கோ தேவைப்படுகிற வீட்டுக்கோ கொடுத்துவிட வேண்டும். உணவு வங்கிகள் பொதுவாகத் திறந்த பாக்கெட்டையும் தேதி முடிந்ததையும் ஏற்பதில்லை. திறந்ததாக இருந்தால், விரும்பிச் சாப்பிடும் பழக்கமானவர் யார் என்று கேட்டு, எப்போது திறந்தது என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். கொடுத்த கையோடு, அந்தப் பொருளின் பெயரை வாங்கும் பட்டியலிலிருந்தும் அடித்துவிடலாம்.